முதல் ஆயிரம் கிலோமீட்டர் இவங்களுது!

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மொத்தக் குடும்பமும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஒருவர் வாங்குகிறாரே புத்தம்புது லாரி, அதை அவருக்கு முன்பே இன்னொருவர் ஓட்டிவிட்டார்! யார்டுக்குள் நாலு அடி உருட்டிப் பார்த்த கதையில்லை. மலையிறக்கத்தில், கொட்டுகிற மழையில், ராத்திரி டோல்கேட் வரிசையில் என்று நிஜமாகவே ஓட்டிவிட்டார். அந்த லாரிக்கு நெடுஞ்சாலையை முதன்முதலில் காட்டியவர் அவர். முதல் பள்ளத்தில் இறக்கி ஏற்றியவரும், முதல் தூசியைத் துடைத்தவரும் அவர்தான்.

டெலிவரி டிரைவர். லாரிகள் பிறக்கும் ஊர்களில் ஒன்றான ஜாம்ஷெட்பூரில் கான்வாய் டிரைவர் என்பார்கள். தொழிற்சாலை வாசலில் சாவி வாங்கி, டீலரிடமோ பாடி கட்டும் பட்டறையிலோ சாவி கொடுப்பது வேலை. கேட்க இவ்வளவுதான். உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது, என்னென்ன ஆச்சரியங்கள்!

காரையும் பைக்கையும் மூடிய டிரெய்லரில் ஏற்றி அனுப்பிவிடலாம். பன்னிரண்டு சக்கர லாரியை எதில் ஏற்றுவது? டிரெய்லரில் போகிற லாரிகளும் உண்டு என்றாலும், நம் நாட்டில் பெரிய வண்டிகள் பெரும்பாலும் தங்கள் சக்கரத்தில் தாங்களே ஊர் போய்ச் சேர்கின்றன. எண்ணூரிலிருந்து குவாஹாட்டிக்கு, ஒரகடத்திலிருந்து டெல்லிக்கு, ஓசூரிலிருந்து நாக்பூருக்கு. இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் பயணங்கள் இவர்களுக்குச் சாதாரணம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தத் தொழிலுக்கும் உறவு பழையது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர்த் தொழிற்சாலை அந்தக் காலத்திலிருந்து வண்டிகளைச் சாலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. 1980இல் ஓசூர் சேர்ந்துகொண்டது. 2012இல் ஒரகடத்தில் டைம்லர் நிறுவனம் பாரத்பென்ஸ் லாரிகளுக்காகப் பெரிய தொழிற்சாலையைத் திறந்தது. இந்த மூன்று ஊர்களைச் சுற்றி டீக்கடைகளில் விடியற்காலையில் போய் நின்றால், தோளில் ஒரு சின்னப் பையும் கையில் ஒரு ஹெல்மெட்டுமாக, பைக் இல்லாத ஆட்கள் நிற்பார்கள். இவர்கள்தான் அவர்கள்!

யார்டு என்பது எனக்குச் சொர்க்கம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே நிறத்தில், ஒரே திசை பார்த்து, ஒரு கீறல் இல்லாமல் நிற்கின்றன லாரிகள். பெயின்ட் வாசனை, ரப்பர் வாசனை, புது கிரீஸ் வாசனை மூன்றும் கலந்து வரும். நான் வாய்பிளந்து நின்றுகொண்டிருக்க, டெலிவரி டிரைவர்கள் அதைப் பார்க்கவே நேரமில்லாமல் குனிந்து நிமிர்ந்து வேலையில் இருந்தார்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, வீல் ஸ்பேனர், டூல்ஸ் பை, இரண்டு சாவி, இரு பக்கக் கண்ணாடி, வைப்பர் பிளேடு, பேட்டரி மூடி, மட்ஃபிளாப் எல்லாம் சரியா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து டிக் போடுகிறார்கள். “இங்க பாக்காம கையெழுத்துப் போட்டா, அங்க போய் நம்ம காசுல வாங்கி வெக்கணும் தம்பி” என்றார் மூத்தவர் ஒருவர். அவர் ஒரு லாரியைச் சுற்றிவருவதைப் பார்க்க வேண்டுமே! டார்ச் அடித்து, பம்பரின் கீழே வரைக்கும் படுத்துப் பார்த்தார். ஏற்கெனவே சின்னக் கோடு இருந்தால் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்கிறார். தொழிற்சாலையைத் தாண்டிய பிறகு விழுகிற கோடெல்லாம் அவர் கணக்கு.

பிறகு எண். லாரியின் அடிச்சட்டத்தின் வலப்பக்க இரும்பில் அடித்திருக்கும் 17 எழுத்து, எண்களை இன்வாய்ஸோடு ஒப்பிட வேண்டும். அந்த எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சுதான் பின்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் போகும். ஒரு எழுத்து மாறினாலும் ஊர் போய்ச் சேர்ந்த வண்டி, பதிவு ஆகாமல் நிற்கும்.

காகிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இ-வே பில். பொதுவாக அதில் சரக்கு என்ன, அதை ஏற்றிச் செல்லும் வண்டி எது என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும் இல்லையா? இங்கே சரக்கும் லாரி, வண்டியும் அதே லாரி! ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில் அந்தப் பில்லுக்குக் கெடு உண்டு. வழியில் டயர் பஞ்சர் ஆனாலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். கூடவே தற்காலிகப் பதிவு என்றால் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. டீலரின் டிரேடு சான்றிதழில் போகிற வண்டி என்றால் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. இனி ரோட்டில் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சரி, கேபினுக்குள் ஏறுவோம். சீட்டின் மேல் பாலிதீன் உறை. அதைக் கிழிக்கக் கூடாது! ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் அந்தச் சலசலக்கும் உறையின் மேலேயே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். வெயில் காலத்தில் முதுகு வழுக்கும். அதற்கென்றே ஒரு பருத்தித் துண்டு வைத்திருக்கிறார்கள். பீடி, சிகரெட் கிடையாது. வெற்றிலை போட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் துப்பினால் கதவில் கறை. ஆள் ஏற்றக் கூடாது, சரக்கு ஏற்றக் கூடாது. டேஷ்போர்டில் சாமி படம் ஒட்ட மாட்டார்கள். அது வாங்கப்போகிறவரின் உரிமை. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு இவர்கள் பூஜை முடிந்தது. தான் வந்துபோன அடையாளமே இல்லாமல் வண்டியை ஒப்படைப்பவரைத்தான் இந்தத் தொழிலில் கெட்டிக்காரர் என்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் அழிக்க முடியாது: மீட்டர். தொழிற்சாலையில் சில கிலோமீட்டர் காட்டியது, டீலரிடம் போகும்போது ஆயிரம், இரண்டாயிரம் என்று நிற்கும். முள் மீட்டர் இருந்த காலத்தில் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிய ஆட்களும் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது அதெல்லாம் நடக்காது. வேகம், நிறுத்தம், டீசல் செலவு எல்லாம் வண்டியே மொபைல் நெட்வொர்க் வழியாக ஆபீசுக்குச் சொல்லிவிடுகிறது. “நான் டீ குடிக்க நிறுத்துனா, ஓசூர்ல ஒருத்தர் போன் பண்ணி ‘என்னண்ணே, டீயா’ம்பாரு” என்று சிரித்தார் இன்னொருவர்.

டீசல்தான் இந்தத் தொழிலின் நாடி. இவ்வளவு தூரம், இவ்வளவு லிட்டர் என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கூடப் போனால் கைக்காசு. அதனால் இவர்கள் கால், ஆக்சிலரேட்டரில் பூப்போல இருக்கும். ஏற்றம் வருவதற்கு முன்பே வேகம் சேர்த்துக்கொள்வது, இறக்கத்தில் கியரிலேயே விட்டுக் கட்டுப்படுத்துவது, சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிடுவது... புது எஞ்சினை ஆரம்பத்தில் விரட்டக் கூடாது என்ற பழைய பழக்கமும் இதற்கு ஒத்துவருகிறது. பி.எஸ். 6 புகை விதி வந்த 2020க்குப் பிறகு இன்னொரு கவலை: டெஃப் திரவம். யூரியாவும் தண்ணீரும் கலந்த அந்தத் திரவத்துக்குத் தனி டேங்க் உண்டு. அது தீர்ந்தால் எஞ்சின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நடுக்காட்டில் அது நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பதிலுக்கு ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்!

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். எத்தனை ஆண்டுக் கனவு! அப்படியானால் நாட்டின் அந்தப் புது ஏ.சி.க் காற்றை முதலில் அனுபவிப்பது இவர்கள்தானே என்று குதூகலமாகக் கேட்டேன். “போடுவோம் தம்பி. ஆனா டீசல் கணக்கு கண்ணு முன்னாடி நிக்குமே! விஜயவாடா வெயில்ல மட்டும் ஒரு மணி நேரம்.” டீசல் கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஏ.சி.யையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வண்டியில் வசதி வந்த பிறகும் அதைத் தொடப் பயந்து ஒருவர் வியர்த்து வழிய வேண்டியதில்லை.

காலி லாரி ஓட்டுவது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று அச்சு கொண்ட பத்துச் சக்கர லாரி, தன் எடையும் சரக்கும் சேர்த்து 28.5 டன் வரை அனுமதி பெற்ற வண்டி; 2018க்கு முன் அது 25 டன்னாக இருந்தது. அத்தனை எடையைத் தாங்கச் செய்த பட்டை ஸ்பிரிங், முதுகில் ஒன்றுமே இல்லாதபோது வளைந்தே கொடுக்காது. சின்ன மேட்டில் ஏறினாலும் பின்பக்கம் கன்றுக்குட்டி துள்ளுகிற மாதிரி துள்ளும். ஈரச் சாலையில் பிரேக்கைச் சட்டென்று மிதித்தால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கப் பார்க்கும். ஏ.பி.எஸ். வந்த பிறகு பரவாயில்லை என்கிறார்கள். ஆனாலும் இவர்கள் காலின் மென்மை போகவில்லை.

இப்போது வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு. சேஸிஸ்!

லாரிகள் இப்போது பெரும்பாலும் கேபினோடு வந்துவிடுகின்றன. பஸ் அப்படியில்லை. பல பஸ்கள் இரண்டு நீள இரும்புச் சட்டம், சக்கரங்கள், எஞ்சின், ஸ்டியரிங், இவ்வளவோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன. கூரை இல்லை. கதவு இல்லை. கண்ணாடி இல்லை. தற்காலிகமாக மாட்டிய ஒரு சீட்டோ கட்டிய பெட்டியோ, அதன் மேல் ஒரு மனிதர். தலையில் ஹெல்மெட், கழுத்தைச் சுற்றித் துண்டு, முழுக்கைச் சட்டை, உள்ளே இன்னொரு சட்டை.

யார்டில் நிறுத்தியிருந்த ஒன்றில் ஏறி உட்கார்ந்து பார்க்க அனுமதித்தார்கள். கடவுளே! முன்னால் தடுப்பு என்று எதுவுமே இல்லை. ஸ்டியரிங், அப்புறம் வானம். திரும்பிப் பார்த்தால் பின்சக்கரம் எங்கோ தொலைவில் கிடக்கிறது. அதிலும் முன் அச்சுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் வளைவில் திரும்பும்போது, சக்கரம் இன்னும் சாலையில் இருக்கையிலேயே டிரைவர் சாலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் போய்விடுவார். பள்ளத்தாக்கு ஓர வளைவில் அது எப்படி இருக்கும்! “முதல் தடவ ஓட்டுனப்ப கண்ண மூடிக்கலாம்னு தோணுச்சு” என்றார் ஒரு இளைஞர். இப்போது அவர் அதைத்தான் விரும்பிக் கேட்டு வாங்கி ஓட்டுகிறார்.

முன் எஞ்சின் சேஸிஸில் டிரைவரின் இடது முழங்கால் பக்கத்தில் எஞ்சின். ஓசூரின் மார்கழிப் பனியில் அந்தச் சூடு வரம். சித்திரையில் தர்மபுரி தாண்டும்போது அதே சூட்டுக்கு ஈரத்துண்டு சுற்றிக்கொள்ள வேண்டும். பின் எஞ்சின் சேஸிஸ் இன்னும் விசேஷம். சத்தமெல்லாம் பத்து மீட்டர் பின்னால் போய்விடும். காற்றின் ஓசை மட்டும்! மழைத்துளி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடித்தால் ஊசி குத்தும். சாயங்காலம் விளக்கு போட்டதும் வண்டுகள் வரும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினால் தீர்ந்தது. முன்னால் போகிற ஜல்லி லாரியிலிருந்து ஒரு சிறு கல் தெறித்தாலும் தடுக்க ஒன்றுமில்லை.

கண்ணாடி இல்லாத வண்டியில் ஃபாஸ்டேகை எங்கே ஒட்டுவது? இந்தக் கேள்வி எனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்தேன். மோட்டார் வாகன விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது: முன்கண்ணாடி இல்லாமல் விற்கும் சேஸிஸுக்கு, பதிவு செய்வதற்கு முன் உரிமையாளர்தான் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். சட்டம் எழுதியவர்களும் இந்த மனிதர்களை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

ஓசூரிலிருந்து கரூர். சேஸிஸ் டிரைவர்களின் ராஜபாட்டை இது. சுமார் 250 கிலோமீட்டர், முழுக்க நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலையான என்.ஹெச். 44 வழியாக. சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், தர்மபுரி. அடுத்து தொப்பூர் இறக்கம். பேச்சு நின்றுவிடும் இடம். சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. மேலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு இறங்குகிறார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் அனுபவசாலி முதலில் இறங்குவார்; அவர் பாதையிலேயே மற்றவர்கள். கீழே வந்ததும் ஒரு டீ. அந்த டீயில்தான் சிரிப்பு திரும்பி வரும். பிறகு ஓமலூர், சேலம், ராசிபுரம். லாரிகளுக்கும் டேங்கர்களுக்கும் பாடி கட்டும் நாமக்கல்லில் பாதிப் பேர் அறிமுகமானவர்கள். பரமத்திவேலூரில் காவிரிப் பாலம். கூரையில்லாத வண்டியில் காவிரிக் காற்று வாங்க எவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

கரூரில் பாடி கட்டும் பட்டறை. இறக்கிவிட்டுச் செல்லும்போது வெறும் இரும்பு. சில வாரங்களில் சீட்டு, ஜன்னல், படி, பெயர் எழுதிய நெற்றி எல்லாம் வந்து அது பஸ் ஆகிவிடும். டெலிவரி டிரைவர் ஊர் திரும்புவதும் பஸ்ஸில்தான். தான் வெறும் இரும்பாகக் கொண்டுவந்து விட்ட வண்டியிலேயே ஒரு நாள் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து வந்ததாக ஒருவர் சொன்னார். எப்படித் தெரியும் என்றேன். ஸ்டியரிங் திருப்பும்போது வருகிற ஒரு சின்னக் கிறீச்சை அவர் மறக்கவில்லையாம்!

அமெரிக்காவில் இதே வேலையை இன்னொரு விதமாகச் செய்கிறார்கள். ஒரு லாரியின் முதுகில் அடுத்த லாரியின் முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, அதன் முதுகில் அதற்கடுத்தது என்று, ஒருவரே ஓட்டி மூன்று லாரிகளை இழுத்துப் போகிறார். 97 அடி நீளம் வரை அனுமதி. படத்தைக் காட்டினேன். நம்மவர்கள் போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அரைமணி நேரம் விவாதம், வளைவில் கடைசி வண்டி எங்கே போகும் என்று.

மார்ச் மாதம் இவர்களுக்குத் தூக்கம் கிடையாது. நிதியாண்டு முடிவதற்குள் விற்க வேண்டும் என்று டீலர்கள் துடிப்பார்கள். 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் வந்த பரபரப்பை இன்னும் பேசுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபோதும் யார்டில் திருவிழாதான். ஆடி மாதம் எதிர்ப்பக்கம்; புது வண்டி எடுக்க யோசிக்கிற மாதம் ஆனதால் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கலாம். ஆனால் நடைக்குத்தான் கூலி. நடை இல்லையென்றால் வருமானமும் இல்லை.

டீலர் வாசலில் கடைசிச் சடங்கு. மறுபடி டார்ச், மறுபடி ஸ்டெப்னி, ஜாக்கி, சாவி. சலானில் சீல் விழும் வரை டிரைவர் வண்டியை விட்டு நகர மாட்டார். சில இடங்களில் சீல் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருப்பார். பாதி நாள் காத்திருப்பு. இரவெல்லாம் ஓட்டி வந்தவருக்குக் குளிக்க ஒரு குழாய், படுக்க ஒரு பெஞ்சு கொடுக்கிற டீலர்களின் பெயர்களை இவர்கள் நன்றியோடு சொல்கிறார்கள். அது எல்லா இடத்திலும் கிடைக்க வேண்டிய அடிப்படை மரியாதை. பெரிய செலவும் இல்லை.

கார், பைக் ஓட்டும் வாசகர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணாடி இல்லாத சேஸிஸ் எதிரே வந்தால், தயவுசெய்து ஹை பீமை இறக்கிவிடுங்கள். உங்கள் வெளிச்சம் நேராக அவர் கண்ணில்தான் விழுகிறது. அதை முந்திப் போகும்போது சாலையோர மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள். பறக்கிற கல்லுக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் ஹெல்மெட் தவிர ஒன்றுமில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டும் போகாதீர்கள். அதன் பின்விளக்கு தாழ்வாக, தற்காலிகமாகக் கட்டியது; இரவில் உங்கள் கண்ணுக்குத் தெரியும்போது இரும்புச் சட்டம் ரொம்பப் பக்கத்தில் வந்திருக்கும்.